பண்டிகை கழிந்து சம்பள நாள் வரும் வரை: சிறு குடித்தனக்காரரின் வரவு செலவு பற்றிய ஒரு பாடம்

குடியானவருடைய ஆண்டில் மிகவும் நெருக்கமான காலம் எதுவென்று விசாரித்தால், அது கோடைக் காலமன்று, மார்கழியின் பிற்பகுதியும் தையின் முற்பகுதியுமே என்று அநேகர் விடையளிப்பர். பழைய நெல் பத்தாயத்தின் அடியைத் தொட்டுவிட்டது. சம்பாப் பயிர் கதிர் முற்றி நிற்கின்றது; ஆனால் களத்துக்கு வரவில்லை. நவரைக்கு நாற்றங்கால் விடவேண்டிய செலவு வாசலில் நிற்கின்றது. இவற்றின் நடுவே கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மூன்று ராஜாக்கள் திருநாள், போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் ஆகிய பண்டிகைகள் மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன. இக்காலத்தில் குடித்தனத்தை எவ்வாறு நடத்துவதென்பது அடுத்த போகத்தின் விதையையும், கறவைப் பசுவையும், சிற்சில சமயங்களில் நிலத்தையுமே காப்பாற்றும் விஷயமாகும். ஆகையால் அதனைக் கணக்கோடு ஆராய்வது அவசியம்.

1. இறுக்கம் உண்டாகும் விதம்

புதுச்சேரி நகரின் வடமேற்கே, வழுதாவூர்ச் சாலையை ஒட்டியுள்ள கதிர்காமம் இதற்கு நல்ல உதாரணமாகும். பிரெஞ்சு ஆட்சியில் ஒரு கொம்யூனாக இருந்ததும், பெயரிலேயே உழவரைத் தாங்கியதுமான உழவர்கரையைச் சேர்ந்தது இவ்வூர். இன்று இது நகராட்சிக்குள் அடங்கிய வீடு நெருங்கிய இடம். ஆயினும் இங்கும் இதன் சுற்றுப்புறங்களிலும் வசிக்கும் குடும்பங்களில் பல, ஒரு காலை நகரத்திலும் ஒரு காலை வயலிலும் வைத்திருப்பவை. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ கடையிலோ மாதச் சம்பளம் பெறுவார். மற்றொருவர் வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு முதலிய பக்கங்களில் உள்ள சொந்த நிலத்தைக் கவனிப்பார். சில வீடுகளில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்த சொல்தாக்களின் பென்ஷன் வரவும் உண்டு.

மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்தும் வழக்கம் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. 1898-ஆம் ஆண்டில் ஏற்பட்டு 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலையும், ஏனைய ஆலைகளும் சுற்றுக் கிராமங்களின் குடும்பங்களுக்குப் பல தலைமுறை கூலி அளித்தன. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஆலைத் தொழிலாளர் சுட்டு வீழ்த்தப்பட்டதும், அதன் பின் 1937-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் பிறந்ததும் இவ்வூரார் அறிந்த சரித்திரம். கூலி நாளின் அருமை அக்காலத்து ஆலைக் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். ஆலைகள் மூடிய பின்னும் அந்தக் குடும்பங்களின் வரவு செலவுக்கு மாதக் கணக்கே அச்சாணியாக இருந்து வருகின்றது.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பண்டிகையால் நேரும் கஷ்டம் செலவு மிகுவதால் மட்டும் உண்டாவதன்று. நாட்கள் நீளுவதும் அதற்குக் காரணமாகும். சில இடங்களில் பண்டிகையை முன்னிட்டு டிசம்பர்ச் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்னரே கொடுத்துவிடுகின்றனர். கொடுக்கும்போது அது பேருபகாரமாகத் தோன்றும். ஆனால் அடுத்த சம்பளம் ஜனவரி 31-ஆம் தேதியே வரும். டிசம்பர் 26 முதல் ஜனவரி 30 வரை 36 நாட்கள். முப்பது நாளுக்கென்று அளந்த பணம், பண்டிகைச் செலவு போக எஞ்சியது, முப்பத்தாறு நாளுக்கு நீள வேண்டியிருக்கின்றது. முன்னதாக வந்த சம்பளம் கூடுதல் சம்பளமன்று என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் உணர்ந்துவிட்டால், பாதிக் கஷ்டம் தீர்ந்தது எனலாம்.

2. நாட்களை எண்ணிக் கணக்கிடும் முறை

பண்டிகைக்கு மறுநாளே செய்ய வேண்டிய முதற் காரியம், கையிருப்பை எண்ணுவதும் நாட்களை எண்ணுவதுமாகும். ரொக்கம், பாங்கியில் உள்ள தொகை, வீட்டிலுள்ள அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு அல்லது சமையல் வாயு, மாட்டுத் தீவனம் ஆகிய யாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். வீட்டுக்காரரும் வீட்டம்மையும் சேர்ந்து எழுதுவதே முறை. ஒருவர் மட்டும் அறிந்த கணக்கு நிலைப்பதில்லை.

ஓர் உதாரணம் கொள்ளலாம். கணவன், மனைவி, கணவனின் தாய், இரண்டு சிறு பிள்ளைகள் ஆக ஐவர் கொண்ட குடும்பம். பண்டிகைக்கு மறுநாள் அவர்கள் கையில் 9,000 ரூபாயும், வீட்டில் 50 கிலோ அரிசியும் உள்ளன. ஜனவரி 31-இல் சம்பளம்; பிப்ரவரி முதல் வாரத்தில் சம்பா அறுவடை. இதில் காணும் விலைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்கானவை. அவரவர் தம் ஊர்க் கடையின் விலையைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் தள்ளிப்போட முடியாத செலவுகளை ஒதுக்க வேண்டும்:

மின்சாரக் கட்டணம் — ரூ. 500
தாயாரின் மருந்து — ரூ. 600
பிள்ளைகளின் பள்ளி வண்டி — ரூ. 900
சமையல் வாயு உருளை ஒன்று — ரூ. 900
பொங்கல் செலவு — ரூ. 700
திடீர் நோய் முதலிய ஆபத்துக்கு — ரூ. 600
ஆக — ரூ. 4,200

எஞ்சுவது 4,800 ரூபாய். இதனை 36-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 133 ரூபாய் வரும். ஆனால் இத்தொகையை அப்படியே நாள் கணக்கில் செலவிடுவது பிழை. ஏனெனில், அன்றாடம் சில்லறையாக வாங்கும் பண்டத்துக்கு விலையும் மிகுதி, வீணும் மிகுதி. ஆகையால் கெடாத பண்டங்களை முதல் வாரத்திலேயே மொத்தமாக வாங்கிவிட வேண்டும்:

கேழ்வரகு 14½ கிலோ — ரூ. 580
துவரை, கொள்ளு, பாசிப்பயறு சேர்த்து 5 கிலோ — ரூ. 550
நிலக்கடலை 2 கிலோ — ரூ. 260
எண்ணெய் 3 லிட்டர் — ரூ. 500
ஆக — ரூ. 1,890

மீதி 2,910 ரூபாய். இதில் நாளொன்றுக்குப் பாலுக்கு 25 ரூபாய், காய்கறி, மீன் அல்லது முட்டைக்கு 35 ரூபாய். புளி, மிளகாய், உப்பு, சர்க்கரை, தேயிலைக்கு முழுக் காலத்துக்கும் 400 ரூபாய். சவர்க்காரம் முதலியவற்றுக்கு 350 ரூபாய். இவையெல்லாம் சேர்ந்தால் சரியாக 2,910 ஆகும்.

இந்தப் பணத்தை வாரத்துக்கு 565 ரூபாயாக ஐந்து உறைகளிலும், கடைசி நாளுக்கு 85 ரூபாயாக ஆறாவது உறையிலும் போட்டு, உறையின் மேல் தேதி எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரத்து உறை வியாழனன்றே காலியாகிவிட்டால், அடுத்த உறையைத் திறக்காமல் அந்த இரண்டு மூன்று நாளைத் தோட்டத்துக் கீரையைக்கொண்டும் வீட்டுப் பருப்பைக்கொண்டும் கடத்த வேண்டும். இம்முறையின் பயன் யாதெனில், தவறு நேர்ந்தால் அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். உறையில்லாத வீட்டில் அதே தவறு ஜனவரி 20-ஆம் தேதிக்கு மேல்தான் தெரியவரும். அப்போது கடன்காரரைத் தவிர வேறு வழி இராது.

3. அரிசிக் கணக்கும் ஆகாரமும்

மேற்கண்ட குடும்பத்தில் பெரியவர் மூவருக்கு ஆளுக்கு 400 கிராமும், பிள்ளைகள் இருவருக்கு ஆளுக்கு 250 கிராமும் ஆக நாளொன்றுக்கு 1.7 கிலோ அரிசி செலவாகின்றது. 36 நாளுக்கு 61 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். இருப்பதோ 50 கிலோ. 11 கிலோ குறைகின்றது. இந்தக் குறையை அரிசியாகவே வாங்கினால் ஏறக்குறைய 600 ரூபாய் ஆகும்.

அதற்குப் பதிலாக, நாளொரு வேளை கேழ்வரகுக் களியோ கூழோ அடையோ 400 கிராம் மாவில் செய்துகொண்டால், அரிசிச் செலவு நாளொன்றுக்கு 1.3 கிலோவாகக் குறையும். 36 நாளுக்கு 46.8 கிலோ. அதாவது வீட்டிலுள்ள அரிசியே போதும். பொங்கலுக்கும் விருந்தினருக்கும் 3 கிலோவுக்கு மேல் மிஞ்சும். கேழ்வரகை விலைக்கு வாங்குவோருக்கு இதனால் ரொக்க மிச்சம் மிகச் சிறிதே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புஞ்சையில் கேழ்வரகு விளைத்து வைத்திருப்போருக்கே மிச்சம் முழுவதும் கிடைக்கும். ஆயினும் இம்மாற்றத்தின் பெரும் பயன் உடம்புக்கானது. தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே உண்டு. கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவு உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் இது எவ்வளவு அவசியம் என்று விவரிக்க வேண்டுவதில்லை.

சிக்கனம் என்றால் பட்டினி என்று பொருளன்று. மலிவான பண்டங்களில் சத்து மிகுந்தவற்றைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம். நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் மக்காரிசன் என்னும் வைத்திய விஞ்ஞானி தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. அங்கிருந்து 1937-ஆம் ஆண்டில் அய்க்ராய்டு என்பார் இந்திய உணவுப் பண்டங்களின் சத்தைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அச்சாலை 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளால் தெரியவருவது, ஏழையின் ஆகாரமென்று இகழப்படும் பல பண்டங்கள் விலைக்கு மிஞ்சிய சத்துடையவை என்பதே. நிலக்கடலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கும், கொள்ளில் 22 பங்கும் புரதச் சத்தாகும். முருங்கைக் கீரை 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அது வேலியோரத்தில் காசில்லாமல் கிடைக்கின்றது.

சமையலில் கவனிக்க வேண்டியவை சில. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதாலும் பி-வைட்டமின் சத்து நீரோடு போய்விடுகின்றது. அளவான நீர் வைத்துப் பொங்குவதோ, வடித்த கஞ்சியை உப்பும் மோரும் சேர்த்துக் குடிப்பதோ நலம். பச்சரிசியினும் புழுங்கலரிசியில் இச்சத்து மிகுதியாகத் தங்கும். கொள்ளையும் பயறையும் முளைகட்டிச் சமைத்தால் எளிதில் வேகும், எரிபொருளும் மிச்சமாகும். மிஞ்சிய சோற்றை நீரூற்றி வைத்துக் காலையில் பழையதாக உண்பது நம் முன்னோர் வழக்கம். அதில் ஒரு பிடியும் வீணாவதில்லை.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, கருணை முதலியவை மலிவாக வரும். தொலைவிலிருந்து வரும் காய்களை இக்காலத்தில் வாங்க வேண்டிய அவசியமில்லை. பண்டிகைக்கு மறுநாள் இரண்டு பாத்தி முளைக்கீரையும் வெந்தயக் கீரையும் விதைத்தால், 25 நாளளவில், அதாவது உறைகள் மெலியும் நான்காவது வாரத்தில், கீரை பறிக்கலாம். வீட்டுக் கழிவு நீரை இப்பாத்திக்குத் திருப்பிவிட்டால் தனி நீர் இறைக்க வேண்டியதில்லை. சவர்க்காரம் மிகுந்த நீரை மட்டும் விலக்க வேண்டும். நம் தேசத்தின் முதல் கிருஷி விஞ்ஞான கேந்திரம் 1974-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலேயே நிறுவப்பட்டது. வீட்டுத் தோட்டம் பற்றிய சந்தேகங்களை அத்தகைய நிலையங்களில் விசாரித்துத் தெளியலாம்.

4. எக்காரணத்தாலும் தொடக்கூடாதவை

நெருக்கம் மிகும்போது முதலில் கை செல்வது விதைநெல்லின் மேல். நவரைக்குரிய குறுகிய கால ரகத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 24 கிலோ விதை வேண்டும். இதனைக் குற்றினால் கிடைப்பது 16 கிலோ அரிசி. மேற்சொன்ன குடும்பத்துக்கு அது ஒன்பது நாள் சோறு. ஒன்பது நாள் சோற்றுக்காக ஒரு போகத்தின் விதையை இழப்பது எவ்வளவு பேதைமை! பின்னர் விதையை விலைக்கு வாங்கலாமென்று நினைப்பர். அவ்வாறு வாங்கும் விதை தன் வயலுக்கு ஏற்றதாகவும், உரிய நாளில் கிடைப்பதாகவும் இருக்குமென்பது நிச்சயமன்று. அன்றியும், மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையை மனிதரோ மாடோ உண்பது உயிருக்கே ஆபத்து. அதனைத் தனியிடத்தில் குறியிட்டுப் பூட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கறவைப் பசு. பண்டிகைக் கடனுக்காகத் தை மாதத்தில் விற்ற பசுவை, பங்குனியில் அதே விலைக்கு வாங்கியவர் அரியர். மூன்றாவது, உழவுக் கருவிகளும், நீர் இறைக்கும் மோட்டாரும். இவை யாவும் வரவைத் தருபவை. வரவைத் தரும் பொருளை விற்று உண்பது, கிணற்றை விற்றுத் தண்ணீர் வாங்குவதை ஒக்கும்.

விற்கத் தக்கவையும் உண்டு. மிகுதியான வைக்கோல், தென்னை மட்டை, முருங்கைக்காய், முட்டை, தேவைக்கு மிஞ்சிய கோழி, பழைய சாக்கு, உபயோகமற்ற இரும்பு முதலியவற்றை விற்று வரும் சிறு தொகையை ஆபத்து உறையில் சேர்ப்பது நன்று.

5. கடன்: எது நஞ்சு, எது மருந்து

கணக்கை எவ்வளவு செம்மையாகப் போட்டாலும், நோய் அல்லது மரணம் நேர்ந்தால் கடன் வாங்க வேண்டி வரும். அப்போது வட்டியின் கணக்கை அறிந்து வாங்க வேண்டும்.

5,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு வாங்குவோர் உண்டு. முதல் மாத வட்டி 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 4,500 ரூபாயே கையில் கொடுப்பர். மூன்று மாதத்தில் வட்டி 1,500 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். தண்டல் என்னும் தினக் கடனில் 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 ரூபாய் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பர். இது நூற்றுக்கு 15 வட்டி போலத் தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்து வருவதால், சராசரியாகப் பாதித் தொகையே வாங்கினவர் கையில் இருக்கின்றது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு நூறையும் தாண்டும்.

இதற்கு மாறாக, உழவருக்கென்று 1998-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிசான் கடன் அட்டையின் மூலம் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி. தவணை தவறாமல் செலுத்துவோருக்குச் சலுகை போக 4 ரூபாயே. அதே 5,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி 50 ரூபாய். 1,500 எங்கே, 50 எங்கே! அநேகர் அறியாத ஒரு விஷயம், இந்த அட்டையின் கடன் அளவைக் கணக்கிடும்போது, பயிர்ச் செலவோடு அதில் நூற்றுக்கு 10 பங்கு குடும்பச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்திய செலவுக்குமென்று சேர்க்கப்படுகின்றது என்பது. ஆகையால் நிலம் உடையோர் தனி வட்டிக்காரரிடம் போகுமுன் கூட்டுறவுச் சங்கத்திலும் பாங்கியிலும் விசாரிக்கக் கடவர். இந்த அட்டையைக் கார்த்திகை மாதத்திலேயே புதுப்பித்து வைப்பது விவேகம். நெருக்கம் வந்த பின் விண்ணப்பிப்பது, வீடு எரியும்போது கிணறு வெட்டுவதாகும்.

மளிகைக் கடையில் பற்று வைப்பதும் கடனே. அங்கு வட்டி என்று எழுதுவதில்லை. ஆனால் பற்றுக்காரர் விலையையும் எடையையும் தர்க்கிக்க முடிவதில்லை. தவிர்க்க முடியாவிடில், வாங்கிய பண்டம், எடை, விலை மூன்றையும் தம் கைப் புஸ்தகத்திலும் அன்றன்றே எழுதி வர வேண்டும்.

6. நின்ற பயிரை விலை பேசுதல்

கடனினும் கொடியது, அறுவடைக்கு முன்னரே நெல்லை விலை பேசி முன்பணம் வாங்குவது. 2025-2026 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை, குவிண்டால் ஒன்றுக்குச் சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய், முதல் ரகத்துக்கு 2,389 ரூபாய். பண்டிகைக்கு மறுநாள் ஒருவர் குவிண்டால் 1,900 ரூபாய் வீதம் 5 குவிண்டாலுக்கு 9,500 ரூபாய் முன்பணம் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். குவிண்டாலுக்கு 469 ரூபாய் வீதம் அவர் இழப்பது 2,345 ரூபாய். ஒன்றரை மாதத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 25 ரூபாய் வட்டி கொடுத்ததாகின்றது. அவர் கடன் வாங்கவில்லையென்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஊரிலேயே மிகப் பெரிய வட்டி கட்டியவர் அவரே.

அறுவடைக்குப் பின்னும் அவசரம் கூடாது. களத்திலேயே ஈர நெல்லை அளந்து கொடுப்பவர் எடையிலும் விலையிலும் இழக்கின்றார். கொள்முதலுக்கு ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேற்படக்கூடாது என்பது விதி. இரண்டு நாள் வெயிலில் உலர்த்திப் பதரும் மண்ணும் போகத் தூற்றினால், நெல் நிராகரிக்கப்படாது. கொள்முதல் நிலையத்தின் விலையையும், தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய விலையையும் விசாரித்த பின்னரே வியாபாரிக்குச் சொல் கொடுக்க வேண்டும். சம்பள நாள் வரை உறைகளைக்கொண்டு குடித்தனத்தை நடத்தி வந்தவருக்கே இவ்வாறு பத்து நாள் பொறுத்து விற்கும் வலிமை உண்டாகும். சிக்கனத்தின் உண்மையான லாபம் மிச்சமான காசில் இல்லை. விற்பதற்கு அவசரமில்லாத அந்தப் பத்து நாளில்தான் இருக்கின்றது.

7. அடுத்த ஆண்டுக்கு ஆயத்தம்

கிறிஸ்துமஸும் பொங்கலும் எதிர்பாராத விருந்தாளிகள் அல்லர். ஒவ்வோராண்டும் குறித்த நாளில் வருபவை. அவற்றின் செலவையும் ஆண்டு முழுவதிலும் பகிர்வதே முறை. பண்டிகைக்கு 6,000 ரூபாய் வேண்டுமெனில் மாதம் 500 ரூபாய் ஒதுக்க வேண்டும். இக்கருத்தை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்துக் கார்லைல் என்னும் ஊரின் பாங்கி ஒன்று 1909-ஆம் ஆண்டிலேயே நடைமுறையில் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் சேமிப்புக் கழகம் என்று பெயரிட்டு, சிறு தொகைகளைத் தவணை தவணையாக வாங்கிவைத்து, பண்டிகைக்கு முன் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. அது பின்னர் அந்நாடெங்கும் பரவியது.

நம் பக்கத்துத் தீபாவளிச் சீட்டும் பலகாரச் சீட்டும் அதே நோக்கமுடையவை. ஆனால் பதிவு செய்யப்படாத சீட்டில் பணம் கட்டிப் பண்டிகை நாளில் ஏமாந்து நின்ற குடும்பங்கள் ஊர்தோறும் உண்டு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று விசாரியாமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது. அஞ்சலகத்திலோ பாங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தொடர் வைப்பாகக் கட்டுவது இன்னும் பத்திரமானது. சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் தொல்லையைத் தீர்க்கும் வழியை ஆராய்ந்து, நிக்கல்சன் என்னும் அதிகாரி 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைப்பைசன் என்பார் குடியானவருக்காக ஏற்படுத்திய கடன் சங்கங்களைப் போன்றவையே இங்கும் வேண்டுமென்பது அவர் முடிவு. 1904-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் முதல் கடன் சங்கம் தோன்றியது. சங்கத்தில் கடன் வாங்க மட்டும் செல்வோர் அதன் பாதிப் பயனையே பெறுகின்றனர். சேமிக்கச் செல்வோரே முழுப் பயனையும் பெறுகின்றனர்.

நெல்லாகவும் சேமிக்கலாம். சொர்ணவாரி அறுவடையில் 75 கிலோ மூட்டை ஒன்றை, ஈரம் நூற்றுக்கு 12 அளவுக்கு வரும்படி நன்கு உலர்த்தி, புதுச் சாக்கில் இட்டு, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, மார்கழி மூட்டை என்று எழுதி வைக்க வேண்டும். அதனைப் பண்டிகைக்கு மறுநாள் வரை அவிழ்க்கலாகாது. அந்த ஒரு மூட்டையில் கிடைக்கும் அரிசி ஏறக்குறைய 50 கிலோ. மேலே கண்ட ஐவர் குடும்பம் முப்பத்தாறு நாளையும் கடத்தியது அந்த அளவு அரிசியைக்கொண்டே.

சர்க்கார் உதவித் தொகைகளையும் திட்டமிட்டு உபயோகிக்க வேண்டும். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகின்றது. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு தவணைக் காலம். ஆனால் அது எந்நாளில் வருமென்று நிச்சயமில்லாததால், அதனை நம்பிப் பண்டிகைச் செலவு செய்தல் கூடாது. வந்தால் நவரை உரத்துக்கு ஒதுக்கலாம். புதுச்சேரியில் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ரேஷன் தானியத்துக்கு ஈடான தொகையைப் பாங்கிக் கணக்கில் செலுத்தும் முறை கொண்டுவரப்பட்டது. தானியத்துக்கென்று வரும் பணம் தானியத்துக்கே செல்ல வேண்டும். அது வீட்டம்மையின் கணக்கில் இருப்பது பெரிதும் நலம்.

8. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் கொம்யூன் பஞ்சாயத்து ஊழியர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. கடன் அட்டைக்கும் நெல் கொள்முதலுக்கும் வேண்டிய நிலச் சான்றுகளையும் சாகுபடிச் சான்றுகளையும் மார்கழிக்கு முன்னரே எழுதிக் கொடுத்தால், குடியானவர் தனி வட்டிக்காரரை நாட வேண்டிய அவசியம் குறையும். ஒரு சான்று பத்து நாள் தாமதித்தால், ஒரு குடும்பத்தின் நெல் களத்திலேயே குறைந்த விலைக்குப் போய்விடலாம். கொள்முதல் நிலையம் திறக்கும் இடமும் நாளும், அன்றைய ஆதரவு விலையும் சாவடியிலும் பால் சங்கத்திலும் கோயில், மாதா கோயில் வாசலிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

9. சுருக்கம்

(1) பண்டிகைக்கு மறுநாளே ரொக்கம், தானியம், நாட்கள் மூன்றையும் எண்ணி எழுதுக.
(2) தள்ள முடியாத செலவை முதலில் ஒதுக்குக. ஆபத்துக்கும் ஒரு தொகை வைக்க.
(3) கெடாத பண்டங்களை மொத்தமாக வாங்குக. மீதியை வார உறைகளில் இடுக.
(4) நாளொரு வேளை கேழ்வரகு, நாள்தோறும் கீரை, பருப்புக்குக் கொள்ளும் பயறும் கடலையும் துணை.
(5) விதைநெல், பசு, கருவி ஆகியவற்றைத் தொடாதிருக்க.
(6) கடன் அவசியமெனில் சங்கத்திலும் பாங்கியிலும் முதலில் விசாரிக்க.
(7) நின்ற பயிரை விலை பேசாதிருக்க. நெல்லை உலர்த்தி, விலை விசாரித்து விற்க.
(8) சொர்ணவாரியில் ஒரு மார்கழி மூட்டை; மாதந்தோறும் ஒரு தவணைச் சேமிப்பு.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. தை பிறக்குமுன் விதையையும் விளைச்சலையும் கைவிட்ட வீட்டுக்கு அந்த வழி குறுகியே தோன்றும். மார்கழியிலும் தையிலுமாக வரும் இந்த முப்பத்தாறு நாளைக் கணக்கோடு கடந்த குடித்தனக்காரர், தம் நெல்லைத் தாமே அளந்து, தாம் விரும்பிய நாளில் விற்பார்.